குரூப்பாக உட்கார வைத்தால் மைக்ரோபயாலஜி வந்துவிடுமா?

ஜூலை 6, இரவு 9.50 | பொன்னேரிக்காரன்

பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முதல் வருஷத்துக்கு இந்த செமஸ்டரில்தான் பாடம் எடுக்க வந்திருக்கிறேன். போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில், "இனி லெக்சர் எடுக்காதீர்கள், பிள்ளைகளைக் குழுவாக உட்கார வையுங்கள், தானாகக் கற்றுக்கொள்வார்கள்" என்றார்கள். உட்கார வைத்தேன். ஐந்து பேர் குழுவில் ஒருத்தி எழுதுகிறாள், ஒருவன் ரெக்கார்ட் நோட்டால் அவளுக்கு விசிறுகிறான், மூன்று பேர் போன் பார்க்கிறார்கள். வெளிநாட்டில் இருபது பேர் வகுப்புக்கு இது சரிவரலாம். அறுபது பேர், ஓடுகிற ஃபேன் இரண்டு, ஐந்து யூனிட் போர்ஷன் என்று இருக்கிற இடத்தில் வேலைக்கு ஆகாது என்பது என் கட்சி. நிஜமாகச் செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா?

ஜூலை 6, இரவு 11.15 | தண்டையார்பேட்டை டீச்சர்

உண்டு. வடசென்னையில் ஒரு கல்லூரி, ஷிப்ட் 2, பதினோரு வருஷம். முதல் மூன்று வருஷம் நீங்கள் சொன்ன அதே காட்சிதான், விசிறுகிற பையன் உட்பட.

குழுவாக உட்கார வைப்பது ஒன்று. ஆள் சேராமல் முடியவே முடியாத வேலையைக் கொடுப்பது வேறு ஒன்று. முதலாவதை மட்டும் செய்தால் கெட்டிக்காரப் பெண்ணுக்கு ஐந்து பேர் வேலை, மற்ற நான்கு பேருக்கு லீவு. மீதி நாளைக்கு. மாவு பொங்கி கிரைண்டர் மேடை வரை வந்துவிட்டது (இதுவும் மைக்ரோபயாலஜிதான்).

ஜூலை 7, இரவு 10.30

கிராம் ஸ்டெயினில் (பாக்டீரியாவைச் சாயம் போட்டு இரண்டு ரகமாகப் பிரிப்பது: ஊதாவாக நிற்பது கிராம் பாசிட்டிவ், பிங்க் ஆவது கிராம் நெகட்டிவ்) ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் புத்தி அதில்தான் திருந்தியது.

பழைய முறை தெரிந்ததுதான். ஸ்மியர் (ஸ்லைடில் தடவுவது), கிரிஸ்டல் வயலட் (ஊதாச் சாயம்), அயோடின், ஆல்கஹால் (வெளுக்க), சாஃப்ரனின் (பிங்க் சாயம்). நான் முன்னால் நின்று செய்து காட்டுவேன், பிள்ளைகள் திருப்பிச் செய்வார்கள். பாதிப் பேருக்கு எல்லாமே பிங்க்காக வரும். வந்தாலும் ரெக்கார்டில் "ஊதா நிறக் கோல்கள் காணப்பட்டன" என்று புத்தகத்தில் உள்ளதை எழுதிவிடுவார்கள். நானும் கையெழுத்துப் போடுவேன். 1884-இல் கிராம் என்ற டாக்டர் கண்டுபிடித்ததை நாங்கள் அறுபது பேரும் கூட்டாக மறைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது நான்கு பேருக்கு ஒரு குழு. எல்லோருக்கும் ஒரே கலவை: பேசில்லஸ் (கிராம் பாசிட்டிவ்) ஒன்று, ஈ.கோலை (கிராம் நெகட்டிவ்) ஒன்று. மற்ற படிகள் எல்லாம் ஒரே மாதிரி, ஆல்கஹால் நேரம் மட்டும் ஆளுக்கு ஒன்று. ஒருத்திக்கு 5 விநாடி, அடுத்தவனுக்கு 20, மூன்றாவது ஆளுக்கு 1 நிமிடம், கடைசி ஆளுக்கு 3 நிமிடம். 5 விநாடிக்காரிக்கு ஈ.கோலையும் ஊதாவாகவே நிற்கும். 3 நிமிடக்காரனுக்குப் பெரும்பாலும் பேசில்லஸும் வெளுத்துப் பிங்க் ஆகிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இவை சொதப்பல் ஸ்லைடுகள். நான்கையும் வரிசையாக வைத்தால்தான் ஆல்கஹால் என்ன செய்கிறது என்று தெரிகிறது. ரெக்கார்டில் நான்கு ஸ்லைடையும் வரைய வேண்டும், அதனால் நால்வரும் மற்ற மூன்று பேருடைய மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தே ஆக வேண்டும். "உன்னுது ஏன்டா இப்படி வெளுத்துப் போச்சு" என்று ஒருத்தி கேட்டாள் பாருங்கள், அந்தக் கேள்வியை வருஷக்கணக்காக நான் கேட்க வைக்க முயன்று தோற்றிருந்தேன்.

அன்றைக்கு நடந்த இன்னொன்று. எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் மாலை வேலை பார்க்கிற பையன் ஒருவன். அவன் தாத்தா சாயப்பட்டறையில் இருந்தவர். குழுவில் மற்றவர்களிடம் அவன் சொன்னது: "அயோடின்னா ஒண்ணுமில்ல, படிகாரம். சாயம் துணில நிக்கணும்னா படிகாரம் போடுவாங்க இல்ல, அது." மார்டன்ட் (சாயத்தைப் பிடித்து நிறுத்துவது) என்ற சொல்லை நான் வருஷா வருஷம் போர்டில் எழுதி அடிக்கோடு போடுகிறவள். வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் படிகாரம் தோன்றவில்லை.

ஜூலை 8, காலை 7.05

மேலே ஒன்று விட்டுப்போயிற்று. கல்ச்சர் (வளர்த்து எடுத்த பாக்டீரியா) 18 முதல் 24 மணி நேரத்துக்குள் இருக்கட்டும். பழசானால் கிராம் பாசிட்டிவ்வும் சாயத்தை விட்டுவிடும். ஒரு வருஷம் லேப் அட்டெண்டர் அண்ணன் வெள்ளிக்கிழமை போட்டதை நான் திங்கள்கிழமை கொடுத்தேன். நான்கு ஸ்லைடும் பிங்க். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஜூலை 10, இரவு 9.40

"அறுபது பேர்" பற்றி. அறுபது என்றால் பதினைந்து நால்வர் குழு. நான் ஒருத்தி பதினைந்து மேஜைக்கும் போக முடியாது, போகவும் கூடாது. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தால், அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர்கள் வேலை ஆகிவிடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1971-இல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகளை முதல் தடவையாக ஒரே வகுப்பில் சேர்த்தபோது அடிதடி ஆயிற்று. அப்போது எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்த ஏற்பாடு. ஜிக்சா என்று பெயர். பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால், பிடிக்காதவன் பேச்சையும் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

எண் கேட்பவர்களுக்கு: 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். லெக்சர் மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் ஃபெயில். மாணவர் ஏதாவது செய்கிற வகுப்புகளில் 21.8.

இனி போர்டில் எழுதிப்போட்டுப் பேசுகிற வகுப்பு எனக்குக் கிடையாது.

ஜூலை 11, மதியம் 1.20

"அப்போ சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறீங்களா மேடம்?" என்று கேட்ட ராயபுரத்து நண்பருக்கு: என் மாணவர்களும் ஃபீட்பேக் தாளில் அதைத்தான் எழுதினார்கள். "மேம் பாடமே எடுப்பதில்லை, நாங்களே படித்துக்கொள்கிறோம்." அதே வருஷம் என் பேப்பரில் அரியர் குறைந்தது. 2019-இல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். தாங்களே மல்லுக்கட்டிப் படித்த பிள்ளைகள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். அழகான லெக்சர் கேட்டவர்கள் நேர் எதிர். எல்லாம் புரிந்த மாதிரி வெளியே வருவது ஒரு சுகம். அந்தச் சுகத்தை நானும் பல வருஷம் விற்றிருக்கிறேன்.

ஜூலை 19, இரவு 10.10

தொற்று பரவும் விளையாட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் ஒரு கப் தண்ணீர், ஒரே ஒரு கப்பில் மட்டும் காரம் (ஆல்கலி). யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரோடு தண்ணீரைக் கலந்து பாதிப் பாதி எடுத்துக்கொள்ள வேண்டும். யாரோடு கலந்தோம் என்று சீட்டில் எழுத வேண்டும். கடைசியில் இண்டிகேட்டர் ஊற்றினால் நிறம் மாறுபவர்கள் "நோயாளிகள்". சீட்டுகளைச் சேர்த்து முதல் நோயாளியைப் பிடிக்க வேண்டும். ஒருவர் சீட்டை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் இதன் அழகு.

வழக்கமாக சோடியம் ஹைட்ராக்சைடும் ஃபீனால்ப்தலீனும். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. சுண்ணாம்புத் தெளிநீரும் மஞ்சளும் இருக்கும்போது எதற்கு? ஆரத்தி சிவப்பாவது அப்படித்தானே. சுண்ணாம்பை ஊறவைத்து, மேலே தெளிந்ததை எடுத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு ஒருத்தி கப்பில் வைத்தேன். மற்றவர்களுக்கு லேப் குழாய்த் தண்ணீர்.

மூன்று சுற்று முடிந்தது. மஞ்சள் கரைசலை ஊற்றினோம். அறுபது கப்பும் மஞ்சள்.

"மேம், யாருக்கும் நோய் இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போலாமா?"

கெமிஸ்ட்ரி அக்காதான் காப்பாற்றினார். எங்கள் லேப் குழாயில் வருவது போர் தண்ணீர், பைகார்பனேட் நிறைய. சுண்ணாம்பு அதோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும், காரம் அங்கேயே தீர்ந்துபோகும். "சில கப்பு பால் மாதிரி கலங்கி இருந்துச்சா, பாத்தியா?" என்றார். கலங்கித்தான் இருந்தது. தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கச் சுண்ணாம்பு போடுகிற பழைய முறை இதேதான். அடுத்த வாரம் டிஸ்டில்ட் வாட்டரில் செய்தோம், ஜோராகச் சிவந்தது. கண்ணில் படாமல் பார்க்க வேண்டும், குடிக்கக்கூடாது என்று மூன்று தடவையாவது சொல்ல வேண்டும். ஒருவன் குடிக்கத்தான் தூக்கினான்.

மூன்று சுற்றில் ஒரு கப்பிலிருந்து அதிகபட்சம் எட்டு கப். சீட்டுகளை வைத்துப் பின்னோக்கிப் போனால் முதல் ஆளைப் பிடித்துவிடலாம்.

ஜூலை 20, காலை 6.40

தப்பு. இங்கே எழுதியதை என் மாணவி ஒருத்தியிடம் காட்டினேன், அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "மேம், முதல் சுத்துல கலந்த ரெண்டு பேர்ல யாருன்னு எப்பவுமே தெரியாது." உண்மைதான். முதல் கலப்புக்குப் பிறகு அந்த இரண்டு கப்பும் ஒன்றேதான். சீட்டு எவ்வளவு இருந்தாலும் சந்தேகம் இரண்டு பேர் மேல் நிற்கும். ஆரம்பத்திலேயே எல்லோரிடமும் ஒரு துளி எடுத்துத் தனியாக வைத்திருந்தால் மட்டும் பிடிக்கலாம். கொள்ளைநோய்க் காலத்தில் பழைய ரத்த மாதிரிகளை ஏன் தேடி எடுத்துப் பரிசோதிக்கிறார்கள் என்று அதிலிருந்து அரை மணி நேரம் பேச்சு போயிற்று. அது சிலபஸில் இல்லை.

ஆகஸ்ட் 4, இரவு 11.00

தண்ணீர்.

எங்கள் வடசென்னையில் தண்ணீர் என்று சொன்னால் யாரும் தூங்க மாட்டார்கள். குழுவுக்கு நான்கு மாதிரி: லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், அடிபம்ப், வீட்டில் குடத்தில் பிடித்து வைத்தது. ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். மெக்கான்கி குழம்பு (பாக்டீரியா வளர்க்கிற திரவம்) உள்ள சோதனைக் குழாய்களில் 10 மி.லி., 1 மி.லி., 0.1 மி.லி. என்று மூன்று மூன்றாக ஊற்றி, 37 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்திலும் 48-இலும் பார்ப்போம். உள்ளே கவிழ்ந்திருக்கிற குட்டி டர்ஹாம் குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் கோலிஃபார்ம் (ஈ.கோலை சேர்ந்த பாக்டீரியா வகை, தண்ணீரில் கழிவு கலந்திருக்கலாம் என்பதற்கு அடையாளம்) இருக்கலாம் என்று சந்தேகம். அதிலிருந்து இ.எம்.பி. என்ற சாயம் கலந்த பிளேட்டில் தீற்றி, ஈ.கோலைக்கு வருகிற பச்சை உலோகப் பளபளப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்வது 100 மி.லி.யில் கோலிஃபார்ம் கண்ணில் படவே கூடாது என்று.

பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் இது. இரண்டாம் நாள் காலை லேப் திறக்கும் முன் வாசலில் முப்பது பேர் நின்றார்கள். இன்டர்னல் மார்க்குக்கு அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

லாரித் தண்ணீரில் குமிழியே இல்லை. கேனிலும் குடத்திலும் குமிழி. வகுப்பில் ஒரே கூச்சல்: "காசு குடுத்து வாங்குறது அழுக்கு, ஓசில வர்றது சுத்தம்!" சீல் உடைக்காத கேனையும் பாதி தீர்ந்த கேனையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். சீல் உடைக்காததில் ஒன்றும் இல்லை. பாதி தீர்ந்ததில்தான். கேன் மேல் சொருகுகிற கைப்பம்பை யாரும் கழுவுவதே இல்லை. குடத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்தது, டம்ளரோடு விரலும் உள்ளே போகிறது.

ஆகஸ்ட் 5, இரவு 8.15

"லாரித் தண்ணீர் சுத்தம்" என்று மேலே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன், அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் குளோரின் இருக்கும். பாட்டிலில் பிடித்து, பஸ்ஸில் கொண்டுவந்து, லேபில் ஊற்றுகிற வரை அது கொன்றுகொண்டே இருக்கும். வீட்டில் குடிக்கிற நேரத்தில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாது. மாதிரி பாட்டிலில் முன்கூட்டியே கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட் போட்டிருக்க வேண்டும், அது குளோரினை அந்த இடத்திலேயே செயலிழக்கச் செய்யும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். பரீட்சையில் கேட்டால் எழுதுவேன். ஸ்டெரைல் பாட்டில் கொடுத்த அவசரத்தில் மறந்தேன். மறுபடி செய்தபோது ஒரு லாரி மாதிரியில் குமிழி வந்தது.

ஆகஸ்ட் 17, இரவு 11.30

இதை எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

குடத் தண்ணீர் கொண்டுவந்தவர்களில் ஒருத்தியின் ஒன்பது குழாயிலும் குமிழி. குழாயில் அவள் பெயர் ஒட்டியிருந்தது. யாரோ சிரித்தார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை. அவள் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அம்மா கேக்குறாங்க மேம், எங்க தண்ணி மட்டும் என்ன கேடுன்னு" என்றாள். அவர்கள் வீட்டில் குழாய் இல்லை, தெருமுனை டேங்கில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை பிடித்து வைக்கிறார்கள். கழுவாத குடம் இல்லை அது. நாள்பட்ட குடம்.

"பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து பாடத்தைத் தொடங்கு" என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். யாருடைய வாழ்க்கை, யார் முன்னால் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அப்போதிலிருந்து மாதிரிகளுக்கு எண் மட்டும்தான், எது யாருடையது என்பது என் டைரியில். வீட்டுத் தண்ணீர்தான் வேண்டும் என்பதும் இல்லை, கல்லூரி டேங்க், பஸ் ஸ்டாண்டு குழாய் எதுவானாலும் சரி.

செப்டம்பர் 8, மாலை 6.20

பொன்னேரித் தம்பி, இன்டர்னல் டெஸ்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்டர்னல் 25, யுனிவர்சிட்டி 75, பரீட்சை ஹாலில் குழு கிடையாது. அதனால் நான் டெஸ்டை இரண்டு தடவை வைக்கிறேன். முதலில் தனியாக அரை மணி நேரம். தாளை வாங்கிக்கொண்டு, அதே கேள்விகளை நால்வருக்கு ஒரே தாளில். தனித் தாளுக்குத்தான் பெரும்பங்கு மார்க்.

இதில் ஒரு கேள்வி: எண்டோஸ்போர் (சில பாக்டீரியா தனக்குள் உண்டாக்குகிற கெட்டியான ஸ்போர்) உண்டாவது இனப்பெருக்கமா? தனித் தாளில் சரியாக எழுதிய ஒரு பையன் குழுத் தாளில் தப்பாகிப் போனான். ஃபர்ஸ்ட் ரேங்க்காரி "ஸ்போர்னாலே இனப்பெருக்கம்தான்" என்று ஓங்கிச் சொன்னாள். காளானில் அது சரி. பாக்டீரியாவில் ஒரு செல்லுக்கு ஒரு ஸ்போர், முளைத்தால் மறுபடி ஒரு செல். எண்ணிக்கை கூடவே இல்லை, அது தப்பிப் பிழைக்கிற வேலை. அவனுக்குத் தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. அன்றிலிருந்து பேச்சு தமிழில், தாள் ஆங்கிலத்தில். அதற்கு அடுத்த டெஸ்டில் அவன் கத்தினான். தப்பான விடைக்குத்தான் கத்தினான், பரவாயில்லை.

செப்டம்பர் 9, காலை 7.30

ஜூலை 7-இல் படிகாரத்தைக் கொண்டாடியிருந்தேன். கெமிஸ்ட்ரி அக்கா படித்துவிட்டு போன் செய்தார். படிகாரத்தில் அலுமினியம் சாயத்தையும் நூலையும் பிணைக்கிறது. கிராம் ஸ்டெயினில் அயோடினும் கிரிஸ்டல் வயலட்டும் சேர்ந்து பெரிய கட்டியாகி, தடித்த சுவர் ஆல்கஹாலில் வறண்டு இறுகும்போது உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பெயர் ஒன்று, வேலை வேறு. அந்தப் பையனிடம் சொன்னேன். "அப்போ படிகாரம் இல்ல மேம், வாசல்ல மாட்டிக்கிட்ட பீரோ" என்றான்.

செப்டம்பர் 22, இரவு 10.00

"போர்டு வகுப்பு எனக்குக் கிடையாது" என்று ஜூலையில் வீராப்பாக எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். வாரத்துக்கு ஐந்து வகுப்பில் மூன்றில் பேசுகிறேன். மாறியது வரிசைதான். முன்பு பேசிவிட்டுச் செய்ய விடுவேன், இப்போது முட்டிமோதிய பிறகு பேசுகிறேன்.

போன வாரம் பாக்டீரியா வளர்க்கிற பிளேட்டை ஜெலட்டினில் ஊற்றச் சொன்னேன். குளிரூட்டியில் கெட்டியாக இருந்தது, இன்குபேட்டரில் வைத்தால் ரசம். அதற்குப் பிறகு ஃபேனி ஹெஸ்ஸே கதையைச் சொன்னேன். 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாக்டீரியா ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கணவர் ஜெலட்டினோடு அல்லாடும்போது, ஜெல்லி கிண்டுகிற பழக்கத்தில் அகர் போட்டுப் பார்க்கச் சொன்னவர் அவர். உருக்கக் கொதிக்க வேண்டும், ஆனால் 40 டிகிரிக்கு அருகே வந்துதான் இறுகும், 37-இல் கல் மாதிரி நிற்கும். ஒரு பெண் எழுந்து, "மேம், இது நோன்புக்கு எங்க வீட்ல செய்ற கடல்பாசி" என்றாள். அதேதான். அடுத்த நாள் ஒரு டப்பா நிறைய ரோஸ் கலரில் வெட்டிக் கொண்டுவந்தாள். லேபில் சாப்பிடக்கூடாது என்பதால் மரத்தடியில் போய்ச் சாப்பிட்டோம். போர்ஷன் ஒரு மணி நேரம் பின்தங்கியது.

அக்டோபர் 13, இரவு 9.15 | பொன்னேரிக்காரன்

மேடம், ஆல்கஹால் நேரம் மாற்றிச் செய்து பார்த்தேன். விசிறுகிற பையனுக்கு 3 நிமிடம் கொடுத்தேன். முதல் தடவையாக மைக்ரோஸ்கோப்பில் அவனாகவே கண்ணை வைத்தான். ஆனால் இரண்டு குழு ஆளுக்கு ஆள் நேரத்தை மாற்றிக்கொண்டு ஏமாற்றிவிட்டது.

அக்டோபர் 13, இரவு 10.05

ஏமாற்றினதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நிறத்தை வைத்தா? அப்போ உங்களுக்கும் கிராம் ஸ்டெயின் வந்துவிட்டது.

இங்கே ஒரு புது வம்பு. காசிமேட்டிலிருந்து வருகிற பையன், "மேம், கணவாய் மீன் இருட்டுல மினுக்கும், தெரியுமா?" என்றான். தெரியும், ஒளிவிடும் பாக்டீரியா, கூட்டம் ஓர் அளவு சேர்ந்தால்தான் வெளிச்சம் போடும். (இதை வைத்துக் கூட்டுக் கற்றல் பற்றி யாரும் உவமை சொல்லக்கூடாது, நானே தடுத்துக்கொண்டிருக்கிறேன்.) நேரில் பார்த்தது இல்லை. அவன் விடியலில் ஏலத்தில் எடுத்த கணவாயைக் கொண்டுவந்தான். உப்புத் தண்ணீரில் பாதி முங்க வைத்து, ஏ.சி. உள்ள கருவி அறையில் ராத்திரி முழுக்க வைத்தோம். ஷிப்ட் 1-காரர்கள் காலையில் அறையைத் திறந்ததும் நாற்றம் தாங்காமல் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மினுக்கியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த தடவை அறைச் சாவி என்னிடம் இருக்க வேண்டும்.

அக்டோபர் 24, அதிகாலை 5.10

மினுக்கியது. நீலம். கைமேல் தடவினால் கையிலும்.